முந்தின லாரியின் எடை

வங்கிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில்
டிரைவர் பராமரிப்பு என்று எழுதிக் கொடுத்தேன்.
கோத்தகிரிக் கிளையின் கவுன்டரில் இருந்தவள்
ஹெவியா லைட்டா என்றாள்.
லைட்தான்.
மொத்தம் ஆயிரத்து நூற்றுப் பதினோரு வரி.

ஒரே பெட்டிக்குள் இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள்.
ஒவ்வொன்றுக்கும் பெட்டி முழுக்கத் தனதென்று நினைப்பு.
நடுவில் பதினாறு மெகாபைட் பொது நினைவகம்.
ஒன்று எழுதும், மற்றது வாசிக்கும்.
எழுதினதும் ஒரு மணி அடிக்க வேண்டும்.
என் டிரைவர் அவ்வளவுதான்,
ஒரு சிலேட்டு, ஒரு மணி.

ஆவணியில் ஒருவர் கேட்டிருந்தார்:
இதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா?
இல்லையென்றால் அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாமே.
பதில் எழுத உட்கார்ந்தேன், கரண்ட் போனது.
கரண்ட் வந்தபிறகும் எழுதவில்லை.
எனக்கே தெரியாதே.
ஏழு வருடத்தில் எவரும் நன்றி சொன்னதில்லை,
திட்டினதும் இல்லை.
ஓடுகிற ஒன்றும் செத்துப்போன ஒன்றும்
தூரத்திலிருந்து கேட்டால் ஒரே சத்தம்.

ஐப்பசி மழையில் டானிங்டன் பக்கம் மரம் சாய்ந்து
இரண்டு நாள் அறுந்த இணையம் திரும்பியபோது
கூடவே வந்தது அந்த மின்னஞ்சல்.
சிலியின் தென்கோடியில் ஒரு மீன் துறைமுகம்.
எடைமேடையை வாசிப்பது ஓர் இயந்திரம்,
ரசீது அடிப்பது இன்னொன்று.
ஒன்பது நாளைக்கொரு முறை
காலி லாரிக்கு
முந்தின லாரியின் எடை விழுகிறது.
புதுப் பெட்டி வாங்கியதிலிருந்து, என்கிறார்
மார்செலா ஒயார்சூன்.
ரசீதின் படமும் இருந்தது.
ஓட்டுநர் கையெழுத்துப் போட மறுத்த
அந்த வெற்றுக் கட்டம்.

சிரித்தேன். அதிக நேரம் சிரிக்க முடியவில்லை.
கீழே பச்சைத் தேயிலை நிறுக்கும் கொட்டகையில்
பெள்ளியம்மாளின் சாக்குக்கு
முந்தின ஆளின் கிலோ விழுந்தால் என்ன ஆகும்?
மழை ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிப்பது என்பதற்கே
அரைமணி நேரம் தொண்டை கட்டுகிற ஊர்.

பதினோரு இரவுகள்.
சோதனைப் போர்டை ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன்,
பிழை வரவில்லை.
பனி இறங்கும் ஜன்னலில் வைத்தேன்,
அப்போதும் இல்லை.
யுபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது.
வெளியே முட்டைகோசுப் பாத்தியில்
காட்டெருமை ஒன்று மூச்சுவிட்டபடி மென்றது,
விரட்டப் போகவில்லை.
நாற்பது லட்சத்துச் சொச்சம் மணிகளில்
ஒரு மணி.

பழைய சில்லு சொன்ன வரிசையில் செய்யும்.
புதுசுக்குச் சொந்தப் புத்தி.
எடையை எழுது, மணியை அடி என்றால்
இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று
எது தோதோ அதை முதலில் முடிக்கிறது.
மணி முந்திக்கொள்கிறது.
அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கையில்
சிலேட்டில் பழைய கணக்கு.

காத்திருக்கத் தேவையில்லை என்று
வேகத்துக்காக அந்த வரியைத் தளர்த்தியது யாரென்று
வரலாற்றைத் தோண்டினேன்.
நான்தான்.
நான்கு வருடத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை.
குறிப்பில் 'சிறிய மேம்பாடு' என்றிருந்தது.

திருத்தம் ஒரே வரி.
எழுதினது போய்ச் சேரட்டும், அதுவரை நில்.
விளக்கம் இருபத்திரண்டு வரி,
அதில் மூன்று வரி என் தவறுக்கு.

பிறகு அந்த ஆவணிக் கேள்வியைத் தேடியெடுத்து
பதில் போட்டேன்:
ஆம். ஒருவர். மீன்.

சரியாகிவிட்டதா என்று தெரிய
ஒன்பது நாளாவது போக வேண்டும்.
இன்று ஆறு.
இங்கே பால் வந்துவிட்டது, அங்கே இரவு.
யாரோ ஒருவர் லாரியைப் பின்னால் எடுத்து
மெதுவாக மேடையில் ஏற்றுகிறார்.